பிறர் கதையைப் பதிப்பித்தல்

பதிப்பாசிரியரின் பணி யாது என வினவினால், பிழை களைவதும், நடையைச் சீர்செய்வதும், மிகையானதை நீக்குவதும் என்று விடை கூறுவோம். எழுதுபவரும் பதிப்பிப்பவரும் ஒரே மொழியிலும் ஒரே கல்வி மரபிலும் வளர்ந்தவராயின் இவ்விடை பெரும்பாலும் போதுமானதே. ஆனால் எழுதுபவர் தம் நிலத்தையும் மொழியையும் இழந்த ஒரு மக்களினத்தைச் சேர்ந்தவராகவும், பதிப்பிப்பவர் அந்நிலத்தில் பின்னர் வந்து குடியேறி ஆட்சி செலுத்தியவரின் வழிவந்தவராகவும் இருக்கும்போது, எது பிழை, எது மிகை என முடிவு செய்யும் உரிமை யாருடையது என்னும் வினா எழுகிறது. கனடா நாட்டில் இவ்வினாவை நேர்நின்று எதிர்கொள்ளும் முயற்சியாகப் பதிப்பாசிரியர்களுக்கென்றே பயிற்சி வகுப்புகள் நடைபெற்றுள்ளன. அவற்றின் பின்னணியையும் அவை கற்பிப்பவற்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். திருச்சபைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என ஐயுறும் வாசகர் சற்றுப் பொறுத்திருப்பாராக. தொடர்பு மிக நெருங்கியது; பெருமைக்குரியதன்று.

முதற்கண் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். நம் பழைய பாடநூல்கள் இம்மக்களைச் ‘செவ்விந்தியர்’ என்றும் ‘எஸ்கிமோக்கள்’ என்றும் குறித்தன. முன்னது கொலம்பசின் தவறான கணிப்பையும் தோல் நிறத்தையும் ஒன்றாகப் பிணைத்த சொல். பின்னது அயலார் இட்ட பெயர். கனடாவின் 1982ஆம் ஆண்டு அரசியல் சட்டம் மூவகை மக்களை ஏற்றுக்கொள்கிறது. இன்று அவர்கள் முதற்குடியினர், இனுயிட் மக்கள், மெத்தி மக்கள் என வழங்கப்படுகின்றனர். மெத்தியர், முதற்குடிப் பெண்களுக்கும் ஐரோப்பிய வணிகர்களுக்கும் பிறந்தோரின் வழியில் தனியொரு மக்களினமாக உருவானவர்கள். பொதுப் பெயரைவிட கிரீ, ஹைடா, அனிஷினாபே என அவரவர் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரே சிறந்தது.

நீக்கப்பட்ட பக்கங்கள்

சஸ்காச்சுவான் மாநிலத்தைச் சேர்ந்த மெத்திப் பெண்மணியான மரியா கேம்ப்பெல் தம் வாழ்க்கை வரலாற்றை ‘ஹாஃப்பிரீட்’ என்னும் பெயரில் எழுதினார். தம்மினத்தார்மீது ஏவப்பட்டுவந்த வசைச்சொல்லையே அவர் நூலுக்குத் தலைப்பாக்கினார். அந்நூல் 1973ஆம் ஆண்டில் டொரோண்டோவின் பெயர்பெற்ற பதிப்பகம் ஒன்றால் வெளியிடப்பட்டு, நாடெங்கும் படிக்கப்பட்டது; கல்லூரிகளில் பாடமாகவும் வைக்கப்பட்டது. ஆனால் நூலாசிரியர் எழுதிய ஒரு பகுதி அதில் இடம்பெறவில்லை. தமக்கு 14 வயது இருக்கும்போது, தம் வீட்டிலேயே, காவற்படையினரால் தாம் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை அவர் அப்பகுதியில் எழுதியிருந்தார். காவற்படை நீதிமன்றத்தை நாடி நூலுக்குத் தடை வாங்கிவிடக்கூடும் என்னும் அச்சத்தால் பதிப்பகத்தார் அதனை நீக்கினர். நூலாசிரியரின் இசைவு பெறப்படவில்லை.

2018ஆம் ஆண்டில், மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்த பதிப்பகக் கோப்புகளில் அப்பக்கங்களை ஆய்வாளர் கண்டெடுத்தனர். குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்ட நிலையில் அவை இருந்தன. 2019ஆம் ஆண்டில் அப்பகுதி மீண்டும் சேர்க்கப்பட்ட முழுப்பதிப்பு வெளிவந்தது. இடைப்பட்ட 46 ஆண்டுகளில் அந்நூலைக் கற்ற மாணவர், அந்தப் பெண்ணின் பிற்கால வாழ்வில் நேர்ந்த சரிவுகளுக்குரிய காரணத்தின் ஒரு பெரும்பகுதியை அறியாமலேயே அவ்வாழ்வைப் பற்றித் தேர்வுகளில் விடை எழுதினர்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அப்பதிப்பகத்தார் அந்நூலுக்குப் பகைவர் அல்லர். அதனை வெளியிட முன்வந்தவர்களே அவர்கள். சட்டத்தை அஞ்சியதும் பதிப்புத் தொழிலில் இயல்பானதே. ஆயினும் ஒரு மக்களினத்தின் சாட்சியத்திலிருந்து எதை நீக்கலாம் என்பதை, அம்மக்களைக் கேளாமலேயே முடிவு செய்யலாம் என்னும் எண்ணம் அவர்களுக்கு இயல்பாக அமைந்திருந்தது. பயிற்சி தேவைப்படுவது இவ்வெண்ணத்திற்கே. கெட்ட நோக்கத்தைச் சட்டத்தால் ஓரளவு தடுக்கலாம். நல்ல நோக்குடையவரின் பழக்கத்தைப் பயிற்சியாலன்றி மாற்ற இயலாது.

சபைகளும் பள்ளிகளும்

அப்பழக்கம் எங்கிருந்து வந்தது என ஆராய்ந்தால், சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளின் வாயிலில் வந்து நிற்க நேரிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து 1990களின் இறுதிவரை ஏறத்தாழ 1,50,000 முதற்குடி, இனுயிட், மெத்திக் குழந்தைகள் இப்பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். நிதி அரசினுடையது; நெடுங்காலம் நிருவாகம் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், ஐக்கியத் திருச்சபைகளுடையது. தாய்மொழியில் பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். ஐக்கியத் திருச்சபை 1986ஆம் ஆண்டிலும், ஆங்கிலிக்கன் சபை 1993ஆம் ஆண்டிலும், பிரெஸ்பிட்டேரியன் சபை 1994ஆம் ஆண்டிலும் முதற்குடிமக்களிடம் மன்னிப்பு வேண்டின. அரசு 2008ஆம் ஆண்டில் வேண்டியது. உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2015ஆம் ஆண்டில் 94 பரிந்துரைகளை வெளியிட்டது.

பாட்டியின் மடியில் கதை கேட்க வேண்டிய வயதில் குழந்தை தொலைவிலுள்ள பள்ளியில் இருந்தது. திரும்பி வந்தபோது, பாட்டியின் மொழி அதற்கு விளங்கவில்லை. எனவே இன்று ஒரு முதியவர் தம் கதையை அச்சேற்றத் தருகிறார் எனில், அது பெரும்பாலும் தலைமுறைச் சங்கிலி ஒன்று அறுபட்டபின் எஞ்சிய கண்ணியாகும். அதனைக் கையிலேந்தும் பதிப்பாசிரியர் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

அருட்பணி வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாவிடில் நேர்மையாகாது. மெதடிஸ்ட் அருட்பணியாளரான ஜேம்ஸ் எவான்ஸ் நார்வே ஹவுஸ் என்னும் ஊரில், தேயிலைப் பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கி எழுத்து வார்த்து, 1840ஆம் ஆண்டளவில் கிரீ மொழி ஞானப்பாடல்களை அசையெழுத்தில் அச்சிட்டார். அவ்வெழுத்து இன்றும் வழக்கில் உள்ளது. இனுயிட் மொழிக்கும் அது பின்னர்த் தழுவப்பட்டது. நம் நூல்கள் எவான்சை அவ்வெழுத்தைக் கண்டுபிடித்தவர் என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன. கிரீ மக்களிடையே வேறொரு வரலாறு வழங்குகிறது: ‘அழைக்கும் பேட்ஜர்’ என்னும் பொருள்படும் பெயருடைய ஒருவருக்கு ஆவியுலகில் அவ்வெழுத்து அருளப்பட்டதாக அவர்கள் கூறுவர். பயிற்சி பெறாத பதிப்பாசிரியர் முதலாவதை வரலாறு என்றும் இரண்டாவதைத் தொன்மம் என்றும் எளிதாகப் பிரித்துவிடுவார். பயிற்சி பெற்றவர், இவ்வாறு இருசாராரும் கூறுகின்றனர் என இரண்டையும் உரியவர் பெயரோடு எழுதுவார்.

கதைக்கு உரியவர் யார்?

அச்சு நாகரிகத்தில் வளர்ந்த நாம், ஆசிரியர் பெயர் அறியப்படாத கதை ஊர்ப்பொது எனக் கருதிப் பழகிவிட்டோம். சட்டமும் அவ்வாறே கருதுகிறது. வாய்மொழிக் கதையை எழுத்தில் வடித்து வெளியிட்டவருக்கு அந்நூலின் பதிப்புரிமை கிடைக்கிறது. தலைமுறைகளாக அதனைக் காத்துவந்த குடிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

பசிபிக் கரையோர மக்களின் மரபோ வேறு. அவர்களிடையே பல கதைகளும், பாடல்களும், பெயர்களும் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு அல்லது குலங்களுக்கு உரிய சொத்தாகும். ‘பாட்லாட்ச்’ எனப்படும் பெருவிருந்தில், அழைக்கப்பட்ட குலத்தார் சாட்சிகளாக அமர்ந்திருக்க, அவ்வுரிமை வெளிப்படையாக நிலைநாட்டப்படும். நம் பத்திரப் பதிவு அலுவலகத்தின் பணியை அவ்விருந்து செய்தது எனலாம். அருட்பணியாளர்களும் அரசு முகவர்களும் வற்புறுத்தியதன் விளைவாக 1885 முதல் 1951 வரை அவ்விருந்து சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தது. அதனை வீண்செலவு என்றும் புறமதச் சடங்கு என்றும் கண்டவர்கள், ஒரு மக்களின் உரிமைப் பதிவேட்டையே கிழித்தெறிகிறோம் என்பதை உணரவில்லை.

கதை உரிமைப் பத்திரமாக நிற்கும் என்பதை நீதிமன்றமும் இறுதியில் ஏற்க வேண்டியதாயிற்று. கிட்க்ஸன், வெட்சுவெட்டென் மக்கள் தம் நிலவுரிமைக்காகத் தொடுத்த டெல்கமூக் வழக்கின் முதல் விசாரணை 374 நாள்கள் நடைபெற்றது. குலவரலாறுகளையும் பாடல்களையும் சான்றாக முன்வைத்தனர் முதியோர். மூதாட்டி ஒருவர் தம் குலத்தின் இரங்கற்பாடலைப் பாட முற்பட்டபோது, இசை தம் காதில் ஏறாது என்று கூறித் தயங்கினார் நீதிபதி. 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவர் இச்சான்றுகளுக்கு உரிய மதிப்பளிக்கவில்லை. 1997ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்கு நிகராக வைத்து ஆராய வேண்டும் எனத் தீர்ப்பளித்து, அவ்வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஐக்கிய நாடுகள் அவை 2007ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31ஆம் பிரிவு, வாய்மொழி மரபுகளைக் காக்கவும் ஆளவும் அம்மக்களுக்குள்ள உரிமையை வெளிப்படையாகக் கூறுகிறது.

காலத்திற்கும் உரிமை உண்டு. அனிஷினாபே மக்களிடையே சில கதைகள் நிலத்தில் பனி படர்ந்திருக்கும்போது மட்டுமே கூறத்தக்கவை. அச்சிட்ட நூலோ கோடையிலும் திறந்தால் பேசும். இதற்கு என்ன செய்வது? ஒரே விடை கிடையாது. சில குடிகள் அச்சிடச் சம்மதிக்கின்றன; சில, முன்னுரையில் எச்சரிக்கை சேர்க்கக் கேட்கின்றன; சில மறுக்கின்றன. மறுப்பையும் ஒரு விடையாக ஏற்கப் பழகுதலே பதிப்பாசிரியருக்குக் கடினமான பாடம் என்பது என் கருத்து.

செவியின் பயிற்சி

ஒக்கனாகன் மக்களைச் சேர்ந்த ஹாரி ராபின்சன் என்னும் முதியவர், தம் மொழியறிந்த இளையோர் அருகிவிட்டமையால், கதைகளை ஆங்கிலத்திலேயே கூறலானார். அவருடைய ஆங்கிலம் பள்ளி ஆங்கிலம் அன்று. வெண்டி விக்வைர் என்னும் ஆய்வாளர் 1970களின் பிற்பகுதியிலிருந்து அவற்றை ஒலிப்பதிவு செய்தார். அச்சிட வேண்டியபோது, அவ்வாங்கிலத்தைத் திருத்திப் பத்திகளாக அமைக்காமல், மூச்சும் இடைநிறுத்தமும் விளங்குமாறு சிறு வரிகளாகப் பிரித்து அமைத்தார். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தொகுப்பைப் படிப்பவர் ஒரு முதியவரின் குரலையே கேட்கின்றனர்.

அதைவிட முக்கியமானது பின்னர் நடந்தது. கொயோட்டி என்னும் ஓநாயினத்து விலங்கு அம்மக்களின் கதைகளில் முதன்மை பெறுவது. ராபின்சன் கூறியவற்றுள் கொயோட்டி இங்கிலாந்து மன்னரைச் சந்தித்து உடன்படிக்கை செய்யும் கதையும் ஒன்று. தொடக்கத்தில் பண்டைக் கதைகளையே நாடிய விக்வைர், வெள்ளையரும் அரசரும் வரும் இத்தகைய கதைகளை ஒதுக்கி வைத்திருந்தார். முந்திய தலைமுறை மானிடவியலார் ‘கலப்பற்ற’ தொன்மங்களை மட்டுமே தேடித் தொகுத்த மரபு அவர் செவியையும் பழக்கியிருந்தது. பின்னரே, தம் நிலம் பறிபோனதைப் பற்றிய அம்முதியவரின் சிந்தனை முழுவதும் அக்கதைகளில்தான் இருக்கிறது என்று உணர்ந்து, 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார். பழங்குடிக் கதை என்றால் அது பழமையானதாகவே இருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் ஒருவகை வெட்டுக்கோலே.

யூக்கான் பகுதியில் ஜூலி குரூக்‌ஷாங்க் என்னும் ஆய்வாளர் கண்டதும் இதையொத்தது. பொன்வேட்டைக் காலமும் நெடுஞ்சாலை அமைப்பும் தம் வாழ்வை எவ்வாறு பாதித்தன என்று ஏஞ்செலா சிட்னி, கிட்டி ஸ்மித், ஆனி நெட் ஆகிய மூதாட்டியரிடம் அவர் வினவினார். அவர்களோ பழங்கதைகளைக் கூறினர். வினாவுக்குப் புறம்பான விடை என்று முதலில் தோன்றியது, வாழ்க்கை வரலாற்றைக் கூறும் அவர்களுடைய முறையே என்பது பின்னர் விளங்கிற்று. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த நூல், அனுபவமும் பழங்கதையும் மாறிமாறி வருமாறு அமைந்தது. உவமைகளால் விடையளித்த ஆண்டவரைப் போதிக்கும் நமக்கு இது வியப்பளிக்கத் தேவையில்லை.

பயிற்சியில் கற்பிக்கப்படுவன

அனிஷினாபே எழுத்தாளர் லெனோர் கீஷிக்-டோபையஸ் 1990ஆம் ஆண்டில் நாளேடு ஒன்றில், எங்கள் கதைகளைத் திருடுவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக எழுதினார். அதற்கு முன்பே, 1980ஆம் ஆண்டில், முதற்குடியினர் நடத்தும் தேயிட்டஸ் பதிப்பகம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தோன்றியிருந்தது. வருந்தலைமுறைக்குக் கையளிக்கக் காத்து வைத்தல் என்பது அப்பெயரின் பொருள். அங்குப் பல்லாண்டு பணியாற்றிய கிரெகரி யங்கிங், ஒப்பாஸ்க்குவாயாக் கிரீ குடியைச் சேர்ந்தவர். அவர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட நடைக்கையேடு 22 நெறிகளைத் தொகுத்துரைக்கிறது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் கற்பித்த பயிற்சி 2010களில் சஸ்காச்சுவானில் தொடங்கிப் பின்னர் டொரோண்டோவில் தொடர்ந்தது. முதற்குடிப் பதிப்பாசிரியர்களுக்கு ஒன்றும், முதற்குடியினரின் கையெழுத்துப்படிகளைக் கையாளும் பிறருக்கு ஒன்றுமாக அங்கு இருவகை வகுப்புகள் நடைபெற்றன. இப்பிரிவினை அறிவுடையது. முன்னவருக்குத் தேவை வாய்ப்பும் தோழமையும். பின்னவருக்குத் தேவை அடக்கம்.

நெறிகள் அனைத்தையும் ஈண்டு விரித்துரைக்க இடமில்லை. சில, சொல்லளவில் சிறியவை. வாழும் மக்களை ‘வழிபட்டனர்’, ‘நம்பினர்’ என இறந்தகாலத்தில் எழுதலாகாது. ‘கனடாவின் பழங்குடிகள்’ என உடைமைப் பொருளில் எழுதுவதும் தவிர்க்கத்தக்கது. நாட்டுக்கு முன்பே இருந்தவர்கள் நாட்டின் உடைமை ஆகார். இவற்றை எவரும் ஒரு மாலையில் கற்கலாம்.

கடினமானவை வேறு. இசைவு என்பது தொடக்கத்தில் ஒருமுறை வாங்கும் கையொப்பம் அன்று. வரைவு மாறும்போதும், மொழிபெயர்க்கும்போதும், மறுபதிப்பிடும்போதும் மீண்டும் கேட்க வேண்டியது. முதியோரைக் கலந்துகொள்ளும்போது அவர்தம் குடியின் மரியாதை முறைப்படி அணுக வேண்டும். அவர்கள் செலவிடும் காலத்திற்கு உரியது வழங்க வேண்டும். இவையெல்லாம் பதிப்பகத்தின் கால அட்டவணையையும் வரவுசெலவுத் திட்டத்தையும் மாற்றுவன. அட்டவணையை மாற்ற மனமில்லாத பதிப்பகம், மரியாதையைப் பற்றி முன்னுரையில் எத்தனை எழுதினாலும் பயனில்லை.

நல்ல புலமையும் இதற்கு ஈடாகாது என்பதற்கு ஹைடா இலக்கியமே சான்று. 1900-01ஆம் ஆண்டுகளில் ஜான் சுவான்டன், ஹைடா இளைஞரான ஹென்றி மூடியின் துணையோடு, ஸ்காய், கண்டல் ஆகிய பெருங்கதைஞர்களின் கதைகளை ஹைடா மொழியிலேயே எழுதினார். நூறாண்டு கழித்துக் கவிஞர் ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, அக்கதைஞர்களை உலகின் பெரும்புலவர் வரிசையில் வைத்துப் போற்றினார். பெயரற்ற ‘பழங்குடித் தொன்மம்’ என்பதிலிருந்து அவர்களைப் பெயருடைய கலைஞராக மீட்டது அரும்பணியே. ஆயினும், வாழும் ஹைடா மக்களைக் கலந்துகொள்ளாமல் இது செய்யப்பட்டது என அம்மக்களுள் சிலர் கடிந்துரைத்தனர். முன்னோரைப் போற்றியமை, வழித்தோன்றல்களைக் கேளாமைக்கு நிகராகுமா? அறிஞரிடையே இவ்விவாதம் நெடிது நடந்தது. ஆகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் பெயர்ப்போர்க்கு

நம் நாட்டிலும் அருட்பணியாளர் ஒரு மக்களைப் பற்றி அவர்களைக் கேளாமல் எழுதியதுண்டு. கால்டுவெல் 1849ஆம் ஆண்டில், இன்று நாடார் என வழங்கும் மக்களைக் குறித்து ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் கூற்றுகள் அம்மக்களை ஆழ்ந்து புண்படுத்தின. நூலைப் படித்தறியும் கல்வி பெற்ற தலைமுறை எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. இன்று நம் மாணவர் நாட்டார் கதைகளையும் மலைவாழ் மக்களின் பாடல்களையும் திரட்டி ஏடுகளில் வெளியிடுகின்றனர். பாடியவரின் பெயர் அடிக்குறிப்பில் ‘தகவலாளர்’ என்னும் தலைப்பின்கீழ் நின்றுவிடுவதும், ஒலிப்பதிவு அவர் ஊருக்குத் திரும்பாமலே போவதும் அரிதல்ல.

முதற்குடியினரின் கதைகளைத் தமிழாக்க விரும்புவோர்க்கு நம் மொழியே தனிச்சிக்கல் ஒன்றை வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் பழங்குடியினரைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதுவது மரியாதையின் அடையாளம் என்று யங்கிங் வற்புறுத்துகிறார். தமிழில் பேரெழுத்து இல்லை. நம் மரியாதை வினைமுற்றில் உள்ளது. கிரீ முதியவர் ‘சொன்னான்’ என்றும், அவர் பேச்சைப் பதிவு செய்த பேராசிரியர் ‘கேட்டார்’ என்றும் எழுதிவிட்டால், வேறு எவ்வளவு கவனம் செலுத்தினும் பயனில்லை. இது எளிதில் திருத்தக்கூடியது.

திருத்தற்கரியது திணை. நன்னூலார் மக்களையும் தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைத்து, ஏனையவற்றை அஃறிணை என்றார். ஹைடா கதைகளில் காக்கை உலகத்திற்கு ஒளியைக் கொணர்கிறது, ஏமாற்றுகிறது, மணம் புரிகிறது. ஒக்கனாகன் கதையில் கொயோட்டி மன்னரோடு உடன்படிக்கை செய்கிறது. இவ்வாக்கியங்களை எழுதும்போதே ‘கிறது’ எனத் திணையை முடிவு செய்துவிட்டேன். ‘கிறான்’ என்றால் ஒரு பொருள், ‘கிறார்’ என்றால் வேறொரு பொருள். ஆங்கிலப் பெயர்ப்போ இவ்வினாவை இதே வடிவில் எழுப்புவதே இல்லை. அகராதியைப் புரட்டினாலும் தமிழாசிரியரைக் கேட்டாலும் இதற்கு விடை கிடைக்காது. தமிழ் வினைமுற்றின் வேறுபாட்டை விளக்கிக் கூறி, காக்கையை எவ்வாறு குறிப்பது தகும் என ஹைடா முதியவர் ஒருவரிடம் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். விடை வரும்வரை அச்சுக்கோப்பு காத்திருக்கலாம்.